மரத்தில் தொற்றி வாழும் பெரணி: சேர்வராயன் மலையின் ஈரக் கணக்கு

சேர்வராயன் மலை மேல் இருக்கும் ஏற்காட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பையில் மிளகும் காபித்தூளும் இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் என்றால் ஆட்டுக்கால் கிழங்கும் இருக்கும். பழுப்பு மயிர் அடர்ந்து, பார்க்க அசல் ஆட்டுக்கால் போலவே இருக்கும் இதற்கு முடவாட்டுக்கால் என்றும் பெயர் உண்டு. சாலையோரம் சாக்கை விரித்துக் கூறு கட்டி விற்கிறார்கள். மேல்தோலைச் சீவிவிட்டு, இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகத்தோடு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் சைவக்காரர்களுக்கும் ஆட்டுக்கால் சூப் கிடைத்துவிடும். மூட்டு வலிக்கு நல்லது என்று வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு கூறு வாங்கும்போது விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்: “இது எத்தனை மாசத்துல வெளையும், ஆயா? மண்ணை ஆழமா வெட்டணுமா?”

அவர் சிரித்துவிட்டார். “மண்ணுல எங்க சாமி வெளையுது? பாறையிலயும் மரத்துலயும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். பிச்சுக்கிட்டு வரணும்.”

அந்த ஒரே பதிலில் பாதித் தாவரவியல் இருக்கிறது. பெயரில் கிழங்கு இருந்தாலும் இது கிழங்கு இல்லை. மரத்தின் மேலும் பாறையின் மேலும் படர்ந்து ஊரும் ஒரு பெரணியின் தண்டு. லின்னேயஸ் 1753இல் இதற்குப் பெயர் வைத்தார். அதில் உள்ள ‘குவெர்சிஃபோலியா’ என்ற சொல்லுக்கு ஓக் மர இலையைப் போன்ற இலை என்று பொருள். டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்பது இன்று பரவலாக வழங்கும் முழுப்பெயர். பெரணிகளில் இது நல்ல வாட்டசாட்டமானது. இதே மரங்களில், இதற்கு மேலும் கீழும், விரல் நீளம்கூட இல்லாத சின்னச் சின்னப் பெரணிகள் பாசியோடு பாசியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை யாரும் கூறு கட்டி விற்பதில்லை. அதனால் யாரும் நின்று பார்ப்பதும் இல்லை. ஆனால் ஒரு மலை எவ்வளவு ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது என்று தெரிய வேண்டுமானால், அந்தச் சின்னப் பெரணிகளைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைச் சரி செய்துகொள்வோம். ஏற்காட்டை அடுத்த நாகலூர் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. அங்கே நிழலுக்கு நிற்கும் ஒரு கிழட்டுப் பலாமரத்தில் அடிமரம் முதல் கவட்டை வரை பெரணி மூடியிருந்தது. ஒரு சித்திரையில் போனபோது மரம் மொட்டையடித்தது போல நின்றது. ஆள் விட்டு அரிவாளால் சுரண்டி எடுத்துவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, “புல்லுருவிப்பா அது. விட்டா பலாவை உறிஞ்சிக் கொன்னுடும்” என்றார். மரத்தடியில் குவிந்து காய்ந்துகொண்டிருந்த அந்தக் குப்பையைப் பார்க்க எனக்கு மனசே ஆறவில்லை. அவ்வளவும் கூடிச் சேர எத்தனை மழைக்காலம் ஆகியிருக்கும்!

புல்லுருவி வேறு, இது வேறு. மாமரத்தில் பார்க்கும் புல்லுருவி தன் வேரை மரப்பட்டைக்குள் இறக்கி, மரத்தின் நீர்க்குழாய்களோடு இணைத்துக்கொண்டு, அங்கிருந்தே நீரையும் உப்பையும் எடுக்கும். அது ஒட்டுண்ணி. பெரணி அப்படி எதையும் உள்ளே இறக்குவதில்லை. அதன் வேர் பட்டையின் மேற்பரப்பில் படர்ந்து பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். நிற்க ஓர் இடம், அதிலும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும் இடம். மரத்திடம் அது கேட்பது இதை மட்டுமே. பாடப்புத்தகத்தில் இதைத் தொற்றுத்தாவரம் என்று படித்திருப்போம். ‘தொற்று’ என்றதும் நோய் நினைவுக்கு வந்துவிடுகிறது. தொற்றி ஏறுதல், தொற்றிக்கொள்ளுதல் என்ற பழைய பொருளில் படித்தால் குழப்பம் வராது.

அப்படியென்றால் சாப்பாட்டுக்கு என்ன வழி? மழைநீர் மரத்தில் வழிந்து வரும்போது இலைத்தூசி, பறவை எச்சம், காற்று கொண்டுவந்த மண்துகள் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அதில் கிடைப்பதுதான். முடவாட்டுக்கால் இதற்காகவே இரண்டு விதமான இலை விடுகிறது. நீளமாக, பச்சையாக, பக்கவாட்டில் வெட்டுப்பட்டு நிற்பது ஒரு விதம். ஒளிச்சேர்க்கையும் இனப்பெருக்கமும் அதன் பொறுப்பு. இன்னொன்று காம்பில்லாமல் தண்டோடு ஒட்டி, பழுப்பாகச் சருகு போல நிற்கும் குட்டை இலை. பார்த்தால் செத்த இலை என்று தோன்றும். அதன் வேலையே சருகாக நிற்பதுதான். மேலிருந்து விழும் இலை, பூ, தூசி எல்லாம் அந்தக் கூட்டுக்குள் சேர்ந்து மக்கும். அந்த மக்குக்குள் பெரணி தன் வேரை விடும். மண்ணை விட்டு மரமேறிய செடி, தனக்கு வேண்டிய மண்ணை மரத்தின் மேலேயே தயாரித்துக்கொள்கிறது.

உணவு ஒரு வழியாகத் தேறிவிடும். தண்ணீர்தான் பெரிய பாடு. மண்ணில் நிற்கும் செடிக்கு மழை நின்ற பிறகும் பல நாள் ஈரம் இருக்கும். மரப்பட்டையில் ஒரு நாள் வெயில் அடித்தாலே போச்சு. மழைக்காட்டுக்குள்ளேயேகூட மரக்கிளையின் மேல்பக்கம் தினமும் ஒரு குட்டிப் பாலைவனத்தைச் சந்திக்கிறது. அதனால்தான் மழை எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைக் காட்டிலும், இரண்டு மழைக்கு நடுவே காற்று எவ்வளவு ஈரமாக இருந்தது என்பது இந்தப் பெரணிகளுக்கு முக்கியம்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இது கண்ணெதிரே நடக்கிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600ஐத் தாண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏறிவிடுகிறோம். வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைகிறது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் 30 கிராம் நீராவி வரை தாங்கும். அதே காற்று 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் தாங்கக்கூடியது 19 கிராம்தான். அதாவது கீழே சேலம் அஸ்தம்பட்டியில் சுமாரான ஈரத்தோடு இருக்கும் காற்று மலையில் ஏறும்போது, கூடுதலாக ஒரு சொட்டு நீரும் சேராமலேயே நிறைவுநிலையை நெருங்கிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் மூடுபனி. கார்த்திகை, மார்கழியில் ஏற்காட்டில் காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியாமல் போவது இதனால்தான். அந்த மூடுபனி மரத்தில் படிந்து துளித்துளியாக வடிகிறது. மழைமானி அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. பாசியும் பெரணியும் பிடித்துவிடுகின்றன.

அடிவாரத்தில் முள்மரங்களும் இலையுதிர் காடும் காய்ந்து நிற்கும். அங்கே மரத்தில் பெரணியைத் தேடினால் கண் வலிதான் மிச்சம். பாதி வளைவுகளைத் தாண்டிய பிறகு நிழலான பள்ளங்களில் நிற்கும் மரங்களில் பசுமை ஒட்ட ஆரம்பிக்கும். ஊரை நெருங்கும்போது சாலையோரத்து மரங்களில்கூடப் பாசி கனத்திருக்கும். பேருந்தில் ஜன்னலோர சீட் கிடைத்தால் போதும், இதைப் பார்த்துக்கொண்டே ஏறலாம்.

மேலே ஏறியதும் நான் முதலில் தேடுவது லெபிசோரஸ் வகைப் பெரணியை. பெரணி என்றதும் நம் மனக்கண்ணில் வருவது சீப்பு சீப்பாக வெட்டுப்பட்ட இலை. இது அப்படி இருக்காது. வெட்டே இல்லாமல், மாவிலையைச் சின்னதாகச் செய்தது போல, நடுநரம்போடு ஒரே நீள இலை. கொஞ்சம் தோல் போல விறைப்பாக இருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் பெரணி என்று உறுதியாகும். இலையின் மேல்பாதியில், நடுநரம்புக்கு இருபுறமும், சட்டைப் பொத்தான் தைத்தது போல ஒரே அளவில் வட்டப் புள்ளிகள் இரண்டு வரிசை. இளசாக இருக்கும்போது ஒவ்வொரு புள்ளியின் மேலும் பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரியும் அளவில் குட்டிக் குடை வடிவச் செதில்கள் கவிந்திருக்கும். முற்றியதும் குடைகள் உதிர்ந்து, உள்ளே பழுப்பு மணிகள் தெரியும்.

இன்னொரு இனம் பைரோசியா. நூல் போன்ற தண்டு பட்டையின் மேல் ஓட, அதில் தடித்த குட்டி இலைகள் நாணயம் ஒட்டியது போல வட்ட வட்டமாக உட்கார்ந்திருக்கும் வகை ஒன்று இதில் உண்டு. அதில் வட்ட இலை வேறு, ஸ்போர் என்ற இனப்பெருக்கத் தூளைத் தாங்கும் ஒடுங்கிய நீள இலை வேறு. தெரியாதவர்கள் இரண்டு செடி என்றே நினைப்பார்கள். இந்த இனத்து இலைகளில் நட்சத்திர வடிவ மயிர்கள் படர்ந்திருக்கும்; அவை காற்றின் வேகத்தைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும்.

பைரோசியா வகைகள் சிலவற்றில் இதைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். திறந்தால் நீரும் போகும். இவை பகலில் மூடிவைத்து, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. எடுத்த வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து, மறுநாள் வெயில் வந்ததும் மூடிய கதவுக்குள்ளேயே சமைத்துக்கொள்கின்றன. கள்ளிகளிடம் இருக்கும் பழக்கம் இது. இதற்கான முதல் தடயங்களில் ஒன்று நம் பக்கத்திலேயே கிடைத்தது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைக் காலையில் கடித்தால் புளிக்கிறது, மதியம் அந்தப் புளிப்பு இல்லை என்று கவனித்து 1813இல் லண்டனுக்கு எழுதினார். வீட்டுத் தொட்டியில் இருக்கும் ரணகள்ளியில் வேலையைக் காட்டும் அதே ஏற்பாடுதான், மழைக்காட்டு மரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு பெரணியிலும் இருக்கிறது. சுற்றிலும் காடு நனைந்து கிடந்தாலும் கிளையின் மேல் வாழ்க்கை வறண்டதுதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எல்லாப் பெரணிகளும் இப்படிக் கதவடைத்துச் சேமிப்பதில்லை. சிலவை காய்ந்தே போய்விடுகின்றன, ஆனால் சாவதில்லை. பங்குனியில் மரத்தைப் பார்த்தால் சின்னப் பெரணிகளின் இலைகள் வெற்றிலையைச் சுருட்டியது போல உள்ளே மடங்கி, அடிப்பக்கம் வெளியே தெரியும்படி கிடக்கும். தொட்டால் நொறுங்கும் போலிருக்கும். ஒரு கோடை மழை பெய்து மறுநாள் போய்ப் பார்த்தால், அதே இலைகள் விரிந்து பச்சையாக நிற்கும். புதுத் தளிர் வந்ததாக நினைக்க வேண்டாம், பழைய இலையேதான். அமெரிக்காவில் ஓக் மரங்களில் தொற்றி வளரும் பிளியோபெல்டிஸ் என்ற பெரணி இதில் பேர்போனது. தன்னிடமுள்ள நீரில் 97 சதவீதம் வரை இழந்தாலும் நனைந்ததும் மீண்டுவிடும். நீர் போகும்போது உயிரணுவின் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியாமல் சர்க்கரைகளும் சில சிறப்புப் புரதங்களும் இடையில் நின்று காக்கின்றன. நீர் திரும்பி வரும்போது இலையின் அடிப்பக்கச் செதில்கள் அதை உறிஞ்சி உள்ளே அனுப்புகின்றன. வேர் வழியாக வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. கோடை மழையின் ஈரம் பட்டையில் சில மணி நேரம்தான் நிற்கும்.

சரி, இவை மரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தன? அபூர்வமாக நடப்பதை அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்தியாவது உள்ளுக்குள் பூக்கிறது. பெரணிக்குப் பூவே கிடையாது, காயும் கிடையாது, விதையும் கிடையாது. அப்புறம் எப்படிப் பெருகுகிறது என்பது பல நூற்றாண்டுகளாகப் புதிராகவே இருந்தது. ஜமைக்காவில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் லிண்ட்சே, இலையின் அடியில் உதிரும் தூளை மண்தொட்டியில் தூவி, அதிலிருந்து பெரணி முளைப்பதைக் கண்டு 1794இல் வெளியிட்டார். அந்தத் தூள்தான் ஸ்போர்.

முற்றிய லெபிசோரஸ் இலை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடிப்பக்கம் கீழாக வெள்ளைத் தாளில் வைத்து, மேலே ஒரு புத்தகத்தைப் பாரமாக வையுங்கள். மறுநாள் காலை எடுத்தால் தாளில் இரண்டு வரிசைப் பழுப்புப் புள்ளிகள் அச்சடித்தது போல இருக்கும். அதைவிட நல்ல காட்சி வேண்டுமென்றால், இலையைத் திருப்பி மேசை விளக்கின் சூட்டில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒரு நிமிடம் எதுவும் நடக்காது. அப்புறம் ஒரு மணி துள்ளும். இன்னொன்று. பிறகு வாணலியில் கடுகு வெடிப்பது போல அந்தப் புள்ளி முழுதும் துள்ள ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு மணியும் ஸ்போர் அடைத்த ஒரு பை. அதன் முதுகில் ஒரு டஜன் அளவில் உயிரணுக்கள் சீப்புப் பல் போல வரிசையாக இருக்கும். அவற்றின் உள்சுவரும் பக்கச்சுவரும் தடிப்பு, வெளிச்சுவர் மட்டும் மெல்லிசு. காற்று வறண்டதும் உள்ளிருக்கும் நீர் ஆவியாகும். நீர் குறையக் குறைய மெல்லிய வெளிச்சுவர் உள்ளிழுக்கப்பட்டு, வரிசை முழுதும் பின்னோக்கி வளையும். பை கிழிந்து திறக்கும். வில்லை இழுத்துப் பிடித்த நிலை இது. ஓர் அளவுக்கு மேல் நீரால் அந்த இழுவிசையைத் தாங்க முடியாது. உயிரணுக்களுக்குள் சட்டென்று குமிழி தோன்றும். இழுத்த வில் விடுபட்டு முன்னால் அடிக்கும். நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடியும் வேலை. முழுதாகத் திரும்பி அடித்தால் ஸ்போர்கள் பைக்குள்ளேயே மோதி நின்றுவிடும். மனிதர்கள் செய்த கவண்களில் கையை நடுவில் நிறுத்த ஒரு குறுக்குக்கட்டை இருந்தது. பெரணியில் அந்தக் கட்டை இல்லை. சுவருக்குள் நீர் கசிந்து நகரும் தாமதமே வேகத்தைப் பாதியில் மட்டுப்படுத்துகிறது என்று 2012இல் வந்த ஆய்வு காட்டியது. கவண், நாண், தடை மூன்றும் அந்த ஒரு டஜன் உயிரணுவுக்குள்ளேயே அடங்கிவிட்டன.

ஒரு பையில் பெரும்பாலும் 64 ஸ்போர். புள்ளிக்கு ஐம்பது பை, இலைக்கு இருபது புள்ளி என்று வைத்துக்கொண்டால்கூட ஒரே இலையிலிருந்து 64,000. ஒவ்வொன்றும் தலைமயிரின் தடிமனைவிடச் சிறிது. வறண்ட காற்றில்தான் பை வெடிக்கும் என்பதால், தூள் வெகுதூரம் போவதற்கு ஏற்ற நாளில்தான் அது கிளம்புகிறது. இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை 1883இல் வெடித்துத் தீவில் உயிரே இல்லாமல் செய்தது. மூன்று ஆண்டுகள் கழித்து 1886இல் டச்சுத் தாவரவியலாளர் ட்ரூப் போய்ப் பார்த்தபோது அங்கே 11 வகைப் பெரணிகள் வளர்ந்திருந்தன. கடலைத் தாண்டி வந்த தூள்.

இதில்தான் என் வாதத்தின் ஆணிவேர் இருக்கிறது. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை போலத் தொடர்ந்து நிற்பவை அல்ல. சூடான சமவெளிக்கு நடுவே தனித்தனியே எழும்பி நிற்கும் ஈரத் தீவுகள். பழம் தின்னும் பறவையோ விலங்கோ விதையைச் சுமந்து வர வேண்டிய மரத்துக்கு இந்த இடைவெளி ஒரு தடை. பெரணிக்கு இது தடையே இல்லை. நீலகிரியிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் ஸ்போர்கள் காற்றோடு வந்தபடியே இருக்கும். சேலம் நகரத்து மொட்டைமாடியிலும் அவை விழத்தான் செய்யும். ஆகவே ஒரு மரத்தில் பெரணி இல்லையென்றால், வந்து சேரவில்லை என்று சொல்ல வாய்ப்பு குறைவு. வந்தது, தங்க முடியவில்லை. மலையின் எந்த மடிப்பில் எந்தப் பெரணி தங்கியிருக்கிறது என்பது, அந்த மடிப்பின் காற்று ஆண்டு முழுக்க எப்படி இருந்தது என்பதற்கான பதிவேடு.

தங்குவது ஏன் அவ்வளவு கடினம்? ஸ்போரிலிருந்து நேராகப் பெரணி முளைப்பதில்லை. முதலில் முன்உடலம் என்ற ஒரு பச்சைத் தகடு வளர்கிறது. மண்ணில் வளரும் பெரணிகளில் அது பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன இதய வடிவம். ஆண், பெண் உறுப்புகள் அதில்தான் உருவாகின்றன. ஆண் உயிரணு நீந்திப் போய்ப் பெண் உயிரணுவைச் சேர வேண்டும். நீந்த நீர் வேண்டும். ஒரு மெல்லிய ஈரப்படலம் போதும், ஆனால் அது இருந்தே ஆக வேண்டும். வெயில் பட்டதும் காயும் மரப்பட்டையில், இந்த இரண்டும் பக்குவமாகி நிற்கும் நேரமும் ஈரம் நிற்கும் நேரமும் ஒத்துவர வேண்டும். மூடுபனி நாள்கணக்கில் மரத்தை விட்டு நகராத இடங்களில்தான் அது ஒத்துவருகிறது.

மரமேறிய பெரணிகள் பல இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தன. அவற்றின் முன்உடலம் இதய வடிவத்தில் நின்றுவிடாமல் நாடா போல நீண்டு, கிளைத்து, வருடக்கணக்கில் பாசியோடு பாசியாக வாழும். விளிம்பிலிருந்து துணுக்குகள் பிரிந்து புதுத் தகடுகளாகும். சரியான ஈரக்காலம் வரும்வரை இளமையிலேயே காத்திருக்கலாம். இதன் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளுக்குப் போக வேண்டும். விட்டேரியா இனத்தைச் சேர்ந்த ஒரு பெரணி அங்கே முன்உடலமாக மட்டுமே பாறை இடுக்குகளில் வாழ்கிறது. இலை விட்ட செடியாக அது வளர்வதே இல்லை. 1991இல்தான் அதற்குத் தனிப்பெயர் கிடைத்தது. ஏற்காட்டு மரத்தில் பாசி என்று நாம் கடந்துபோகும் பச்சையிலும் இப்படிக் காத்திருக்கும் பெரணிக் குழந்தைகள் இருக்கக்கூடும். அரிவாளால் சுரண்டும்போது போவது கண்ணுக்குத் தெரியும் பெரணி மட்டும் இல்லை.

ஈரத்தின் அளவுகோலில் ஒரு முனையில் பைரோசியா என்றால், மறுமுனையில் நிற்பவை சவ்வுப் பெரணிகள் என்று சொல்லத்தக்க ஹைமினோஃபில்லேசி குடும்பம். நம் பக்கத்தில் இவற்றுக்குத் தாய்வீடு மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளும் ஓடைக்கரைகளும். இலை பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணுத் தடிமன்தான். வெயிலுக்கு நேரே பிடித்தால் பச்சைக் கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவும். இலைத்துளை கிடையாது, மேலே மெழுகுப் பூச்சும் இல்லாத குறைதான். சில வகைகளுக்கு வேர்கூட இல்லை. முழு இலை ஒரு சென்டிமீட்டர்கூட வராத வகைகளும் உண்டு. காற்று ஈரமாக இருந்தால் இலையும் ஈரம், காற்று காய்ந்தால் இலையும் காய்ந்தது. தனக்கென்று ஒரு நீர்க்கணக்கு வைத்துக்கொள்ளாத செடி அது. எந்த மரத்தில் இது நன்றாக வாழ்கிறதோ, அங்கே காற்று வறள்வதே அபூர்வம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

பெரணி என்றால் டைனோசர் காலத்துப் பழசு என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரணிக் குலம் 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது என்பது உண்மைதான். ஆனால் இன்று மரங்களில் தொற்றி வாழும் வகைகளில் பெரும்பாலானவை, பூக்கும் மரங்கள் உலகை மூடிய பிறகு, அந்த மரங்களின் நிழலில் புதிதாகப் பெருகியவை. 2004இல் வந்த மரபணு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நிழலுக்குப் பழக ஒரு கருவியும் தேவைப்பட்டது. மங்கிய ஒளியையும் உணர்ந்து வளர உதவும் நியோக்ரோம் என்ற ஒளி உணரிப் புரதத்தின் மரபணுவைப் பெரணிகள் தாங்களே உருவாக்கவில்லை. ஆந்தோசெராஸ் வகைப் பாசித் தாவரங்களிடமிருந்து பெற்றுக்கொண்டன என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். மரம் ஏறிய கதையில் பாசிக்கும் பெரணிக்கும் உள்ள உறவு இவ்வளவு பழையது. இன்று உலகில் உள்ள சுமார் 10,500 பெரணி வகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மரத்தில் தொற்றி வாழ்கிறது.

இந்த மலையில் அவற்றுக்கு எந்த மரம் கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார். காபிக்கு நிழல் வேண்டும்; அதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை எஸ்டேட் எஸ்டேட்டாக நட்டார்கள். சீக்கிரம் வளரும், நேராக நிற்கும், மிளகுக்கொடி ஏற்றலாம், வெட்டினால் காசு. தோட்டக்காரருக்கு இவ்வளவு வசதியான மரம் வேறில்லை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்த வரை பெரணிக்கு அது வசதியான வீடு இல்லை. படுக்கைவாட்டில் நீளும் பெருங்கிளை கிடையாது, கவட்டை கிடையாது, வருடாவருடம் கிளை கழிக்கிறார்கள். மக்கு சேர நேரமே இல்லை. அதே தோட்டத்து ஓரத்தில் தப்பி நிற்கும் பழைய பலா, நாவல், அத்தி மரங்களில் ஏறிப் பார்த்தால் கவட்டைக்குக் கவட்டை ஒரு தோட்டம் இருக்கும். காட்டை முழுதாக மீட்க முடியாத இடத்திலும், பத்து சில்வர் ஓக்குக்கு நடுவே ஒரு நாட்டு மரத்தை வயதாக விட்டால் போதும் என்று சொல்வேன். ஸ்போர் தானே வந்துவிடும்.

அந்தக் கவட்டைத் தோட்டத்தில் வாழ்வது பெரணி மட்டும் அல்ல. போர்னியோவின் சபா மாநிலக் காட்டில், மர உச்சியில் வளரும் பறவைக்கூட்டுப் பெரணிகளை இறக்கி, உள்ளே இருந்த பூச்சிகளை எடைபோட்டார்கள். அந்தக் காட்டு மரவிதானத்தில் உள்ள பூச்சி முதலான சிற்றுயிர்களின் மொத்த எடை, அதுவரை போட்ட கணக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2004இல் தெரியவந்தது. இருந்ததில் பாதி அந்தப் பெரணிகளுக்குள் ஒளிந்திருந்தது. தென்கிழக்கு ஆசியாவின் லெகானாப்டெரிஸ் பெரணிகள் தண்டையே உள்ளீடற்றதாக்கி எறும்புக்கு வாடகையில்லா வீடு தருகின்றன. எறும்பின் கழிவு அதற்கு உரம். நம் முடவாட்டுக்காலின் இலையிலும் எறும்பை இழுக்கும் தேன்சுரப்பிகள் உண்டு.

முடவாட்டுக்கால் என்றதும் அந்தச் சாக்குக் கூறுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. விற்கும் குடும்பங்களுக்கு அது வருமானம், அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அது நட்டு அறுவடை செய்யும் பயிர் இல்லை என்பதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டு நுனியில்தான் வளரும். முழுக்கொடியையும் பிய்த்தால் அந்த மரத்தில் அதோடு கதை முடிந்தது. வளரும் நுனியோடு ஒரு முழம் மரத்திலேயே விட்டுவிட்டு முதிர்ந்த பகுதியை மட்டும் அறுத்தால் திரும்ப ஓடும். பழுப்பு நுனி பஞ்சு போல, தளிராக இருக்கும் துண்டுகளைக் கூறில் பார்த்தால் நான் வாங்குவதில்லை. முற்றியதாகக் கேட்டு வாங்குகிறேன். கேட்கிறவர்கள் கூடினால் அறுக்கிற விதமும் மாறும்.

சித்தப்பா வீட்டுக் குப்பைக்கு வருகிறேன். அந்தச் சித்திரையில் குவியலைக் கிளறியபோது முழங்கை நீளத்துக்கு ஒரு தண்டு காயாமல் இருந்தது. தேங்காய்நார்க் கயிற்றால், கூடவே ஒரு கைப்பிடிப் பாசியும் வைத்து, பலாவின் கவட்டையில் கட்டிவிட்டு வந்தேன். “கட்டு, கட்டு. பலா காய்க்கலைன்னா உன்கிட்டதான் கேட்பேன்” என்றார் சித்தப்பா. மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஐப்பசி மழை முடிந்து போனபோது கயிறு நைந்திருந்தது, தண்டு பட்டையைப் பிடித்திருந்தது. பச்சை இலை இன்னும் வரவில்லை. உள்ளங்கை அகலத்தில், சருகு பிடிக்கும் குட்டை இலை ஒன்று மட்டும் மரத்தை அணைத்தபடி எழும்பியிருந்தது. அதற்குள் இரண்டு பலா இலைகள் விழுந்து, நனைந்து, கறுக்க ஆரம்பித்திருந்தன.